இரண்டு விரல்கள்

இளமையில் நான் வயலின் பயின்றேன். நான்கு ஆண்டுகள் ஓர் ஆசிரியரிடம் முறையாகக் கற்றேன். ஒருநாள் என் இடக்கை விரல்கள் இரண்டு கதவிடையே சிக்கி நசுங்கின. புண் ஆறியது, ஆயினும் அவ்விரல்கள் முன்போல் வளையவில்லை. இனி எனக்கும் இசைக்கும் தொடர்பில்லை என்று முடிவு செய்தேன். வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இருபது ஆண்டுகள் அப்பெட்டியை நான் திறக்கவில்லை.

பின்னர் ஒரு மாலை, நண்பர் ஒருவர் என்னைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். பழைய இசைப்பதிவுகள் இரண்டினைக் கேட்கச் செய்தார். இரண்டும் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கலைஞர் இளமையில் வாசித்தவை.

முதற்பதிவு 1928ஆம் ஆண்டினது. அதில் ஓங்கி ஒலிப்பது அக்கார்டியன் என்னும் துருத்தி இசைக்கருவி. அதன் பின்னே பான்ஜோ என்னும் நரம்புக்கருவி தாளத்திற்குத் துணையாக விரைந்து துடிக்கிறது. அதை வாசித்தவரே ஜாங்கோ. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. தட்டில் அவர் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள். அப்பிழையைக் கண்டு திருத்தவும் அவரால் இயன்றிராது. ஏனெனில், எழுதப் படிக்க அவர் அறியார். 1910ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டில் நாடோடிக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பாரிசு நகரின் புறத்தே வண்டி வீடுகளிடையே வளர்ந்தவர் அவர்.

"இரண்டாவதைக் கேட்குமுன் ஒன்று சொல்கிறேன்" என்றார் நண்பர். அதே 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஓர் இரவு, ஜாங்கோவின் வண்டி வீடு தீப்பற்றியது. விற்பனைக்காக அவர் மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டுப் பூக்களில் மெழுகுவத்தியின் தீ தாவியது. இருவரும் உயிர் பிழைத்தனர். ஆனால், ஜாங்கோவின் காலும் இடக்கையும் வெந்தன. காலை வெட்டியெடுக்க வேண்டும் என்றனர் மருத்துவர், அவர் இசையவில்லை. இடக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் சுருங்கி மடங்கின. நரம்புகளை அழுத்திச் சுரம் பிறப்பிக்கும் கை அது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் அவர் படுக்கையிற் கிடந்தார். அவருடைய தம்பி ஜோசப் ஒரு கித்தாரைக் கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சிய இரண்டு விரல்களைக் கொண்டு, விரல் வைக்கும் முறை முழுவதையும் ஜாங்கோ தாமே புதிதாக வகுத்துக்கொண்டார்.

இரண்டாம் பதிவு 1934ஆம் ஆண்டு டிசம்பரில் எடுத்தது. 'டைனா' என்னும் அமெரிக்கப் பாடலின் மெட்டு அது. ஒரு வயலின், மூன்று கித்தார்கள், ஒரு பெரிய பாஸ் ஆகிய ஐந்தே கருவிகள். வயலின் வாசித்தவர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி. முரசும் எக்காளமும் இல்லை. ஜாஸ் இசையில் அவற்றின் முழக்கத்தில் கித்தாரின் மெல்லொலி அமிழ்ந்துவிடுவது வழக்கம். இங்கே அதற்கு வழி விட்டார்கள். ஆதலால் கித்தார் முன்னே வந்து பேசுகிறது. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். தவறு நேர்ந்தால் அவ்விடத்தை மட்டும் திருத்த வழியில்லை. முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்திற்குள் சுரங்கள் படிப்படியாய் ஏறுகின்றன, சறுக்கி இறங்குகின்றன, குறும்பாய்ச் சிரிக்கின்றன. இரண்டு விரல்களின் வேலை இது என்பதை என் செவி நம்ப மறுத்தது.

"தீ அல்லவா இவரைப் பெரிய கலைஞராக்கியது!" என்றேன்.

நண்பர் மறுமொழி கூறாமல் முதற்பதிவை மறுபடியும் ஓடவிட்டார். அப்போதுதான் அதை நன்றாகக் கேட்டேன். அக்கார்டியனுக்குப் பின்னால் துடித்த அந்தப் பான்ஜோவில் அதே விரைவு இருந்தது. அதே துணிவும் இருந்தது. தீ அவருக்கு எதனையும் கொடுக்கவில்லை. இரண்டு விரல்களைப் பறித்தது, அவ்வளவே. கலை முன்பே அவரிடம் இருந்தது. அதனைக் கைவிடாமற் காத்தவர் அவரே. துன்பத்தைப் புகழ்ந்து நான் பேசியது பிழை என உணர்ந்தேன். அதனினும் பெரிய பிழை ஒன்றும் அப்போது விளங்கிற்று. என் இசையை நிறுத்தியது கதவு அன்று, நானே.

ஜாங்கோ 1953ஆம் ஆண்டு, தம் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் பதிவுகளை உலகம் இன்றும் கேட்கிறது.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன். நரம்புகள் துருவேறி அறுந்திருந்தன. மறுநாள் புதியன வாங்கிப் பூட்டி வாசித்தேன். ஒலி இனிமையாக இல்லை. இன்றும் பெரிதும் இனிமையாகிவிடவில்லை. என்னை யாரும் கலைஞன் என்று சொல்லார். எனினும் நாள்தோறும் மாலையில் சிறிது நேரம் வாசிக்கிறேன். பெட்டியை மீண்டும் பூட்டவில்லை.