திரும்பும் கணக்கு

கடலுக்குப் போகும் நாளைத் திரும்பும் நேரத்திலிருந்துதான் நான் கணக்குப் போடுவேன். எத்தனை மணிக்குக் கரையேற வேண்டும், அந்நேரம் காற்று எந்தத் திக்கில் இருக்கும், வெள்ளம், அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடும், கரையில் அலை எப்படி உடையும், காசிமேட்டில் ஏலம் எடுக்க ஆள் இருக்குமா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகே எப்போது படகைத் தள்ளுவது, எத்தனை பாகம் ஆழத்தில் வலை விடுவது என்ற பேச்சு. திருவொற்றியூர்ப் பக்கம் பைபர் படகில் தொழில் செய்யும் எனக்கு இந்த வரிசையைச் சொல்லித் தந்தவர் என் நைனா. கட்டுமரத்தில் பாயும் துடுப்பும் வைத்துக் கடலோடியவர். "போறதுக்கு எந்தக் காத்தும் ஒத்துக்கும்டா. வர்றதுக்குத்தான் காத்தைப் பார்க்கணும்" என்பார். எஞ்சின் வந்த பிறகும் அந்தப் பேச்சு பொய்க்கவில்லை. எதிர்காற்றில் திரும்பும் படகு குடிக்கும் எண்ணெய், பிடித்த மீனின் காசை வழியிலேயே தின்றுவிடும்.

ஒரு நாளின் காற்றிலிருந்து தொடங்குகிறேன். தரை சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். கடல் இரண்டுக்கும் மெதுவாகவே அசையும். அதனால் பின்னிரவில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். முற்பகல் கழியும்போது திசை மாறிக் கடலிலிருந்து கரைக்கு வரும். இரண்டு மூன்று மணி இருட்டில் கரைக்காற்றோடு கிளம்பி, வெயில் ஏறும் முன் வலை வாங்கி, கடல்காற்று எழும் நேரத்தில் அதன் துணையோடு கரை சேர்வதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை ஒழுங்கு. பங்குனி, சித்திரையில் இதில் ஒரு திருத்தம் உண்டு. பகல் ஏறியதும் தென்காற்று வேகம் பிடித்துக் கடல் முழுக்க வெள்ளை நுரை தள்ளும். அந்த மாதங்களில் தெற்கே போயிருந்தால் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே போயிருந்தால் வீடு வரை அலையை முகத்தில் வாங்கவேண்டும்.

கிளம்பும் முன் கரையில் நின்று மணலி, அத்திப்பட்டுப் புகைபோக்கிகளைப் பார்ப்போம். புகை கடலை நோக்கிச் சாய்ந்திருந்தால் கரைக்காற்று நிலைத்திருக்கிறது. நேராக எழுந்து நின்றால் காற்று ஓய்ந்திருக்கிறது, இனித் திசை மாறலாம். அடியில் ஒரு பக்கமும் உயரே வேறு பக்கமும் புகை ஓடினால், மேலே இருக்கும் காற்று கீழே இறங்கும் வரைக்கும்தான் நேரம் என்று எடுத்துக்கொள்வோம். எங்கள் மூச்சைக் கெடுக்கிற புகைதான். கண்ணெதிரே இருப்பதை வாசிக்காமல் விட முடியாது.

காற்றைவிடக் கடினம் வெள்ளத்தை வாசிப்பது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்வோம். மாசியிலிருந்து வெயில் காலம் முழுக்கப் பெரும்பாலும் தெண்டி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து வன்னி வலுக்கும். இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது என்று கடலியலாளர்கள் எழுதுவதும் இதைத்தான். ஆனால் மாதக் கணக்கு பொதுக் கணக்கு. இன்றைக்கு என்ன ஓடுகிறது என்பதை இன்றைக்குத்தான் பார்க்கவேண்டும்.

அதற்கு எங்களுக்கு வாய்த்த கருவி, துறைமுகத்துக்குள் நுழைய முறை காத்து வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள். நங்கூரமிட்ட கப்பல் வெள்ளத்துக்கு எதிரே முகத்தைத் திருப்பி நிற்கும். முகப்பு தெற்கே இருந்தால் தெண்டி, வடக்கே இருந்தால் வன்னி. சரக்கேற்றி ஆழ அமிழ்ந்திருக்கும் கப்பல் வெள்ளத்துக்குக் கட்டுப்படும். வெறுமையாய் உயர்ந்து நிற்கும் கப்பலைக் காற்று திருப்பும். அமிழ்ந்த கப்பலும் உயர்ந்த கப்பலும் வேறு வேறு பக்கம் பார்த்தால் காற்றும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அன்றைக்கு அலை குட்டையாய், செங்குத்தாய் எழும். இருட்டிலும் இதைப் பார்க்கலாம். பெரிய கப்பலின் நங்கூர விளக்குகள் இரண்டில் முகப்பு விளக்கு உயரத்தில் இருக்கும், பின்பக்க விளக்கு தாழ்ந்திருக்கும்.

வெள்ளம் தெரிந்தால் வலை எங்கே விடுவதென்று தெரியும். செவுள் வலையை விட்டதும் படகும் வலையும் வெள்ளத்தோடு மிதக்கும். ஆகவே வலை வாங்கும் நேரத்தில் வீட்டுக்கு நேரே வந்து சேரும்படி, வெள்ளம் வரும் பக்கமாக முதலில் ஏறிப் போகவேண்டும். தெண்டி ஓடினால் தெற்கே, வன்னி ஓடினால் வடக்கே. சொல்ல எளிது. தெற்கே போனால் சென்னைத் துறைமுகத்தின் கப்பல் பாதையும் நங்கூர இடமும். வடக்கே 2001இல் திறந்த காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம். இவற்றுக்கு நடுவே எஞ்சிய நீரில்தான் எங்கள் வலை மிதக்கவேண்டும். வலை விட்டதும் பத்து நிமிடத்தில் ஜிபிஎஸ்ஸில் எவ்வளவு நகர்ந்தோம் என்று பார்த்து ஆறால் பெருக்குவேன். அந்த வேகத்தில் கப்பல் பாதையைத் தொட எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துவிடும். அதற்கு முன் வலை படகில் ஏறியிருக்கவேண்டும், மீன் அப்போதுதான் பாயத் தொடங்கியிருந்தாலும்.

வன்னியின் வலுவை ஊரே பார்த்தது 2017 ஜனவரி 28 அதிகாலைக்குப் பிறகு. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், தெற்கே இறங்கி எர்ணாவூர்க் கரையில் திட்டுத் திட்டாய் ஒதுங்கியது. தை மாதக் காற்றும் வெள்ளமும் அறிந்தவர்களுக்கு அது எந்தப் பக்கம் வரும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. ஆட்கள் வாளியில் அள்ளியள்ளிக் கரையைச் சுத்தம் செய்தார்கள்.

ஆடி மாதம் தனியே சொல்லவேண்டியது. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் காற்று அடிக்கும். காற்று நிலத்திலிருந்து வருவதால் கரையோரம் கடல் வழுவழுவென்று கிடக்கும். புதியவர் பார்த்தால் நல்ல கடல் என்பார். வெளியே போகப்போகத்தான் அலை வளரும். அதைவிடப் பெரிய ஆபத்து, எஞ்சின் நின்றுவிட்டால் காற்று படகை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே ஆடியில் தூரத்தைச் சுருக்கு, எண்ணெயைக் கூட்டு என்பது விதி. இந்தக் காற்றுக்கு ஒரு கொடையும் உண்டு. தென்மேற்கிலிருந்து கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் சாய்ந்து வீசும்போது அது மேல்மட்ட நீரைக் கரையை விட்டு வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் எழும். அதில் பாசி நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னக் கவலையும் நெத்திலியும் சேரும். கையை நீரில் விட்டுக் குளிர்ச்சி பார்க்கிற பழக்கம் அதனால்தான். ஐதராபாத்தில் 1999இல் தொடங்கிய இன்காய்ஸ் நிறுவனம், மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்துச் சொல்கிறது. கை பார்ப்பதையே அது வானத்திலிருந்து, பல மடங்கு பரப்புக்குப் பார்க்கிறது. மேகம் மூடினால் அதன் கண்ணும் மூடும். எனக்கு இரண்டும் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறுபடகுகளான எங்களுக்கு இல்லை. அப்போது மீனுக்கு நல்ல விலை. புரட்டாசியில் பாதி ஊர் அசைவம் விடுவதால் விலை இறங்கும்; கடலோ அந்த மாதத்தில் பல நாள் அமைதியாக இருக்கும். கடல் இசைகிற நாளும் சந்தை இசைகிற நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஐஸ், எண்ணெய், ஆட்களின் பங்கு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், கரையில் உட்கார்ந்து வலை பின்னுவதே லாபமான நாட்கள் இருக்கின்றன.

இனி நிலா. நிலா நீரைப் பெருக்குகிறது, வெளிச்சமும் தருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. திறந்த கடலில் எங்களுக்கு வெளிச்சமே முக்கியம். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தின் பவநகர்ப் பக்கம் அது பத்து மீட்டர் அளவுக்குப் போகும். அங்கே ஓதமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இங்கே நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுகொள்வதுதான் சிக்கல். ஆகவே இருட்டைத் தேடுவோம். நிலா நாளுக்குச் சுமார் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், தள்ளி எழும். பௌர்ணமி கழிந்த நாலாம் நாள், பொழுது சாய்ந்து எட்டு நாழிகைக்குப் பிறகே நிலா. மூன்று மணி நேரத்துக்கு மேல் நிலா இல்லாத பொழுது கிடைக்கிறது. அந்தியில் வலை விட்டு, நிலா எழும்போது வாங்கி, அதே நிலா வெளிச்சத்தில் கரைக் கற்களைப் பார்த்து ஏறலாம். வளர்பிறை அட்டமியில் நிலா நடுராத்திரியை ஒட்டி அடையும். அதன் பிறகு கிளம்பினால் விடியும்வரை இருட்டு, திரும்பும்போது பகல். தேய்பிறைக்கு அந்தி வலை, வளர்பிறைக்கு விடிகாலை வலை என்று நாங்கள் பிரித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

எண்ணூர் முகத்துவாரத்தில் கணக்கு தலைகீழ். கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்தக் குறுகிய வாயில் ஒரு மீட்டர் ஓதமும் பெரிய விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் வேகமாக ஓடும். ஆற்றில் வளர்ந்த இறால் அந்த வற்றத்தோடு கடலுக்கு இறங்கும். அட்டமி, நவமியில் நீர் மந்தமாகும், வலை காலியாக வரும். வடக்கே பழவேற்காட்டில் இந்த வற்றத்து இறாலுக்காகவே பாடு என்ற முறை வைத்திருக்கிறார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர்கூடிப் பிரித்துக்கொள்வது. முகத்துவாரத்துக்குள் திரும்புகிற படகுக்கும் ஓதமே விதி. வற்றம் வெளியே பாயும்போது கடல் அலை எதிரே வந்து மோதினால், மணல் திட்டின் மேல் அலை சுவராக எழுந்து உடையும். ஏற்றம் தொடங்கும்வரை வெளியே காத்திருப்பவர் படகோடு வீட்டுக்கு வருவார்.

இந்த ஆற்றில் பஞ்சாங்கம் சொல்வதும் நீர் செய்வதும் இப்போது விலகிப் போய்விட்டன. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு ஆழம் குறைந்திருக்கிறது. வாயில் மணல் அடைக்கிறது. ஏற்றத்தில் உள்ளே வரும் நீர் குறைந்தால், வற்றத்தில் வெளியே ஓடும் வேகமும் குறையும். வேகம் குறைந்தால் மணல் இன்னும் அடையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபோது, புதுவெள்ளத்தில் இறால் இறங்கவேண்டிய நேரம் அது. தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து மழைவெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஆற்றையும் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கிவிட்டது. ஒரு பருவத்தின் முழுத் திட்டமும் அந்த எண்ணெயோடு போயிற்று.

புயலுக்கு முன்னெச்சரிக்கை இன்று நன்றாகவே கிடைக்கிறது. துறைமுகக் கூண்டில் 1, 2 ஏறினால் தொலைவில் ஏதோ உருவாகிறது. 3ஆம் எண்ணிலிருந்து நம் துறைமுகத்தைப் பற்றிய பேச்சு. 8, 9, 10 பெரும் அபாயம். வானிலை மையத்தின் அறிவிப்பு கைப்பேசிக்கே வருகிறது. பையன்கள் விண்டி செயலியில் காற்றின் நிறத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். அதோடு கப்பல் முகப்பையும் புகையையும் பார்க்கச் சொல்வேன். செயலி பரந்த கடலுக்குச் சொல்கிறது. நாம் கரையேறும் இடுக்குக்கு நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அந்த இடுக்கைப் பற்றித்தான் என் பெரிய கவலை. 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பின், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் கரை அரித்துக்கொண்டே வந்தது. இப்போது எங்கள் பக்கம் பெரும்பகுதி கருங்கல் சுவரும் தூண்டில் வளைவும். நைனா காலத்தில் காற்று மாறினால் அருகில் எந்தக் குப்பத்து மணலிலும் கட்டுமரத்தை ஏற்றிவிடலாம். இன்று இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே இருக்கும் சிறு மணல் திட்டைக் குறிபார்த்து வரவேண்டும், அல்லது காசிமேட்டுத் துறைமுகம் வரை ஓடவேண்டும். புயல் வந்தால் படகை இழுத்து வைக்கவும் மணல் இல்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று தெரியும்.

புதிதாகச் சுக்கான் பிடிக்கும் பையன்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் கரையேறும் இடம், பிறகு திரும்பும் நேரத்துக் காற்று, பிறகு வெள்ளம், பிறகு நிலா, கடைசியாக மீன். இந்த வரிசையில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்றைக்குப் படகு கரையிலேயே இருக்கட்டும். காற்றையும் நிலாவையும் யாரும் நமக்காக மாற்றித் தர முடியாது. ஆனால் ஆற்றின் ஆழமும் கரையின் மணலும் மனிதர் கையால் போனவை. மனிதர் கையால் மீட்கக்கூடியவை. இங்கே அடுத்த சுவரையும் அடுத்த துறைமுகத்தையும் வரைகிறவர்கள், சிறுபடகு எங்கே கரையேறும் என்ற கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிட்டு வரையவேண்டும். எங்கள் திட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர்களுடையதும் அங்கிருந்தே தொடங்கட்டும்.