இல்லாத ஈதர்

லேப்டாப்பின் வைஃபை செத்து இரண்டு வருஷம் ஆகிறது. பேரன் கண்ணுக்கு அது எடைக்குப் போட வேண்டிய சாமான். தாத்தாவுக்கோ அதன் கீபோர்டு விரலுக்குப் படிந்துபோனது. விலாவில் லேன் போர்ட் ஒன்று தூசி மண்டிக் கிடந்தது ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. பரணிலிருந்து பழைய கேபிளை இறக்கிச் செருகினார். ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை.

கேபிள் முனையில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் நாக்கு எப்போதோ ஒடிந்திருந்தது. அழுத்திப் பிடித்தால் பச்சை விளக்கு எரியும். கையை எடுத்தால் அணையும். அன்று சாயங்காலம் முழுக்க ஒரு கையில் கேபிள், மறு கையில் மௌஸ் என்று உட்கார்ந்து செய்தி படித்தார்.

“வயரெல்லாம் அந்தக் காலம் தாத்தா!”

இதுதான் அவருக்குச் சுருக்கென்றது. வயருக்கு முன்னால் வந்ததே வயர் இல்லாததுதான் என்பது அவர் கட்சி.

1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனும் கூட்டாளிகளும் தீவுக்குத் தீவு கணினிகளை ரேடியோ அலையால் இணைத்தார்கள். பெயர் அலோகாநெட். அனுப்புவதற்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டுமே பாழ். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் பொறுப்பது? அதை ஒவ்வொருவரும் குத்துமதிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஒன்றாகவே பொறுத்து, ஒன்றாகவே மோதிக்கொள்வார்கள்.

இந்தக் குழாயடி நியாயத்தைக் கம்பிக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட் மெட்காஃப். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்தார். பேசுமுன் காது கொடு, மோதினால் உடனே நிறுத்து என்று இரண்டு விதிகளையும் சேர்த்துக்கொண்டார். 1973 மே 22-இல் எழுதிய அலுவலகக் குறிப்பில் அதற்கு ‘ஈதர்நெட்’ என்று பெயர் வைத்தார்.

பெயரில்தான் குறும்பு. ஒளி பயணம் செய்ய ‘ஈதர்’ என்ற ஒன்று அண்டமெங்கும் நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நம்பியது. மைக்கல்சனும் மோர்லியும் 1887-இல் கண்ணாடிகளை வைத்து அதைத் தேடினார்கள், தடயமே கிடைக்கவில்லை. விஞ்ஞானம் கைகழுவிய அந்தப் பெயரை மெட்காஃப் எடுத்து ஒரு செம்புக் கம்பிக்குச் சூட்டினார். இன்றைய கம்பியில் ஸ்விட்ச் வந்து ஆளுக்கொரு பாதை போட்டுக் கொடுத்துவிட்டதால் மோதலே இல்லை. காது கொடுத்துக் கேட்டு, பொறுத்துப் பேசும் அந்தப் பழக்கம் இப்போது பேரனின் வைஃபையில்தான் பிழைத்திருக்கிறது.

இதையெல்லாம் தாத்தா சொல்லி முடிப்பதற்குள் பேரன் எழுந்து போயிருந்தான்.

மறுநாள் கேபிளோடு கடைக்குப் போனார். கடைப்பையன் ஒடிந்த முனையை நறுக்கி எறிந்தான். உறையைச் சீவி, முறுக்கிக் கிடந்த நான்கு ஜோடிகளைப் பிரித்து நீவினான். உதடு வாய்ப்பாடு போல முணுமுணுத்தது: “வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்.” பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை உட்கார வைப்பானேன் என்று தாத்தா கேட்டார். “அப்படித்தான் சார்” என்றான். முனையின் நடு இரண்டு ஊசியும் டெலிபோன் காலத்திலிருந்து நீல ஜோடிக்குப் பட்டா போட்ட இடம். கிரிம்பிங் டூலை ஒரு அழுத்து, வேலை முடிந்தது. 100 மெகாபிட் போர்ட்டுக்கு அந்த எட்டில் நான்கு கம்பியே போதும். மீதி நான்கும் சும்மா கூடப் போகின்றன.

வீட்டுக்கு வந்து செருகினார். டக். பச்சை விளக்கு நின்று எரிந்தது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது’ என்றே வந்தது. திரையின் மூலையைப் பார்த்தார். உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி இரவோடு இரவாகத் தீர்ந்து, லேப்டாப் 2009 ஜனவரி 1-இல் உட்கார்ந்திருந்தது. தேதியை மாற்றுமுன் அந்த வருஷத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பேரன் பிறக்கவில்லை.