22 மில்லிமீற்றர்

விளையாட்டுப் புகையிரதத்திற்கும் மாதிரிப் புகையிரதத்திற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சிலர் பருமனிலே காண்பர். சிலர் விலையிலே காண்பர். அவ்வேறுபாடு அளவிலே உள்ளது என்பதே இக்கலையில் ஈடுபட்டோர் கொள்கை. சிறுவனுக்கு வாங்கிக் கொடுக்கும் புகையிரதம் புகையிரதம் போலத் தோன்றினாற் போதுமானது. மாதிரியோ, தான் எதனைக் காட்ட எடுத்துக்கொண்டதோ அதனை, ஒரே விகிதத்தில், ஒவ்வோர் உறுப்பிலும் காட்டக் கடமைப்பட்டது. எஞ்சினின் உயரத்துக்கு ஓர் அளவும் தண்டவாளங்களின் இடைவெளிக்கு வேறோர் அளவும் வைத்துக்கொண்டால், எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் அது பொம்மையே.

இக்கலை வளர்ந்த இங்கிலாந்திலேயே இக்குறை நெடுங்காலம் நிலவியது. அங்கு மிகப் பரவலான ‘டபிள் ஓ’ முறையிலே உண்மையான ஓர் அடி 4 மில்லிமீற்றராகக் குறுகும், அதாவது 76.2 இல் ஒரு பங்கு. ஆனாற் பாதையின் அகலம் 16.5 மி.மீ. மட்டுமே. இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்னும் விகிதத்துக்கு 16.5 மி.மீ. பாதை ஏறத்தாழச் சரியாகவே பொருந்தியது. பிரித்தானிய எஞ்சின்களோ உருவிற் சிறியவை. அவ்விகிதத்திற் செய்தபோது அக்கால மின்மோட்டர் அவற்றின் வயிற்றினுள் அடங்கவில்லை. எனவே உடலை 4 மி.மீ. விகிதத்துக்குப் பெருப்பித்தவர்கள், பாதையைப் பழையபடியே விட்டுவிட்டனர். 4 அடி 8½ அங்குலமாக இருக்கவேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாயிற்று. இதனைப் பொறாத சிலர் 18 மி.மீ. அகலத்திற் பாதை அமைத்தனர். 1966 இல் ‘புரோட்டோபோர்’ என்னும் தராதரத்தை வகுத்தவர்களோ 18.83 மி.மீ. என்று இரண்டு தசமதானம் வரை சென்றனர். மயிரிழையைப் பிளக்கும் வேலை என்று இதனை நகைப்போர் உளர். நகைப்போர் அவ்விரு பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை என்றே கருதுகின்றேன்.

நமது நாட்டுக்கு வந்தால் இக்குறை இன்னும் பெரிதாகின்றது. இலங்கைப் புகையிரதப் பாதையின் அகலம், இந்தியப் பெரும்பாதையைப் போல, 5 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மி.மீ. எனக் கணித்தால் மிச்சமின்றி 22 மி.மீ. வருகின்றது. கடையில் விற்கும் 16.5 மி.மீ. பாதையோ அதிற் சரியாக நாலில் மூன்று பங்கு. நமது எஞ்சினொன்றைச் செய்து அப்பாதையில் ஏற்றினால், தடித்த உடலைத் தாங்கி ஒற்றையடிப் பாதையில் நடக்கும் யானைபோல அது தோன்றும்.

என் தாய்மாமன் பாதைப் பராமரிப்பிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்றவர். தண்டவாளத்தின் அருகே குந்தி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அதன் வழியே நோக்கி எங்கு தாழ்ந்துள்ளது, எங்கு விலகியுள்ளது என்று சொல்லக்கூடியவர். இலண்டனிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்பிய பெட்டியில் ஓர் எஞ்சினும் வட்டப் பாதையும் வந்தபோது, எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னர் அவர் உருக்கு அளவுகோலைத் தேடியெடுத்துப் பாதையைத்தான் அளந்தார். “இது கோச்சி ரோட்டு இல்ல பாப்பா, சைக்கிள் ரோட்டு” என்பது அவர் தீர்ப்பு. மாத்தளைப் பாதையின் ஒரு துண்டை 12 அடிப் பலகையில் அமைக்கும் வேலை அன்றே தொடங்கியது எனலாம்.

22 மி.மீ. பாதையை எவரும் விற்பதில்லை, செய்துகொள்ளவே வேண்டும். அயர்லாந்தின் பாதை 5 அடி 3 அங்குலமாதலால் அந்நாட்டு ஆர்வலரும் 21 மி.மீ. பாதையைத் தம் கையாலேயே செய்துகொள்கின்றனர் என்று அறிந்தபோது மாமாவுக்கு ஓர் ஆறுதல். பழுதுபார்ப்புக் கடையொன்றிற் கிடைத்த, செப்புப் படலம் பூசிய மின்சுற்றுப் பலகைகளைக் கீற்றுக் கீற்றாக அரிந்து சிலிப்பர்க்கட்டைகள் ஆக்கினோம். இரு தண்டவாளங்களும் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொள்ளாதிருக்க ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் செப்பை அரத்தால் அராவி நீக்கவேண்டும். ஒன்று தவறினாலும் முழுப் பாதையும் செயலிழக்கும். கடைசல்காரர் ஒருவரிடம் 22 மி.மீ. அகலத்தில் ஒரு பித்தளைக் கட்டையைக் கடைந்து வாங்கினோம். அக்கட்டையை நடுவில் வைத்து, தண்டவாளங்களை அதன் இருபுறமும் அணைத்து, ஈயம் வைத்துப் பற்றவேண்டும். ஒரு மாலைப் பொழுதில் ஒரு சாண் பாதை முடிந்தால் அது நல்ல மாலை.

வளைவிலே மாமாவின் தொழில் முழுவதும் வெளிப்பட்டது. மலைநாட்டுப் பாதையின் மிகக் கடுமையான வளைவுகள் 5 சங்கிலி ஆரை கொண்டவை. அது 330 அடி. மாதிரியில் 1,320 மி.மீ. கடையிற் கிடைக்கும் வளைவொன்றின் ஆரை 438 மி.மீ. மட்டுமே. பலகையின் பாதியை அவ்வளைவு விழுங்கியது. போதாதென்று, வளைவில் வெளித்தண்டவாளம் உயர்ந்திருக்கவேண்டும் என்றார். உண்மையில் 3 அங்குலம் உயர்ந்தால் மாதிரியில் 1 மி.மீ.; அதற்காக அட்டைக் கீற்றொன்றைக் கட்டைகளின் வெளிநுனியில் ஒட்டினோம். இதனை யார் காணப்போகின்றார்கள் என்று கேட்டேன். எஞ்சின் காணும் என்றார். அது வேடிக்கைப் பேச்சன்று. நுண்ணளவுச் சக்கரத்தின் விளிம்பு அரை மில்லிமீற்றரிலும் குறைந்தது. பாதை சற்றே பிசகினாலும் அது தடம்புரண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினாக நாங்கள் தேர்ந்தது ‘எம் 2’ வகை. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா 1954 இல் வழங்கத் தொடங்கிய டீசல் எஞ்சின்கள் இவை. முதலாவதற்கு ‘ஒன்ராறியோ’ என்று அந்நாட்டு மாகாணமொன்றின் பெயரையே இட்டனர். இலண்டன் பெட்டியில் வந்த எஞ்சினின் மோட்டரை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அச்சுக்களைக் கழற்றி நீளமான உருக்குக் கம்பிகளைப் பொருத்தினோம். எம் 2 இன் ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று அச்சுக்கள். நடு அச்சுக்கு இயக்கவிசை இல்லை. நடு அச்சு இறுகியிருந்தால் மற்ற இரண்டையும் பாதையிலிருந்து தூக்கிவிடும். ஆகவே அது மேலுங் கீழும் அசையச் சிறு வில்லொன்றின்மீது அமர்த்தப்பட்டது. முதல் உடல் பிளாஸ்டிக் தகட்டாலானது; மாத்தளையின் வெயிலுக்கு அது நெளிந்தது. இரண்டாவது உடலைப் பித்தளையிற் செய்து வருகின்றோம். பாரமும் கூடும், பிடிப்பும் கூடும்.

தரைக்கு வேண்டியவற்றை ஊரே தந்தது. கல்லுடைக்குமிடத்துத் தூளைத் தேநீர் வடியினால் அரித்தாற் சரளைக்கல். குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்தால் மண். சீனி கலந்த சக்கை ஆகாது. எறும்புகள் பாதையைக் கைப்பற்றிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பின்னர் ஒரு வினா எழுந்தது. மாதிரி ஓர் இடத்தை மட்டுமன்று, ஒரு காலத்தையும் காட்டவேண்டும். எந்த ஆண்டு? மாத்தளைப் பாதை 1880 இல் திறக்கப்பட்டது. கோப்பிக்காகவே மலைநாட்டுக்குப் பாதை வந்தது. ஆனால் 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் அதற்குள் கோப்பியைத் தின்னத் தொடங்கியிருந்தது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது, பாதை எஞ்சியது. அதற்கும் முன்னரே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயிலும் பசியிலும் வழியில் மாண்டவர் பலர். 2023 இல், இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தது அவ்வழியை எண்ணித்தான்.

மாமா 1974 என்றார். காரணம் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1974 இல் என் பாட்டியின் தங்கை குடும்பத்தோடு மாத்தளை நிலையத்தில் ஏறினார். கண்டிக்கும் பேராதனைக்கும் பொல்காவலைக்குமாகத் தெற்கே இறங்கி, பின்னர் வடக்கே திரும்பித் தலைமன்னார் செல்லவேண்டும். முன்னோர் வடக்கிலிருந்து நேரே நடந்து வந்தனர். பேரர்கள் சுற்றிக்கொண்டு திரும்பினர். அவ்வண்டிகளை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். மாமாவுக்கு அப்போது 11 வயது, மேடையில் நின்றிருக்கின்றார்.

இங்கிலாந்தின் லோங் விட்டன்ஹாம் என்னும் கிராமத்திலே பென்டன் என்றொரு மாதிரி அருங்காட்சியகம் உண்டு. 1954 இல் அதனை நிறுவிய ரோய் இங்கிலாந்து என்பவர் அவுஸ்திரேலியர். 1925 இல் அங்கு வந்தவர். கிராமத்துப் பழைய குடிசைகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு, அவை அழியுமுன் அளந்து, அட்டையிலே கல்லுக்குக் கல் செய்துவைக்க முனைந்தார். அங்கும் புகையிரதங்கள் ஓடுகின்றன. எனினும் குடிசைகளுக்குச் செலவிட்ட காலத்தை எண்ணினால், அவற்றைப் பார்க்கச் செய்வதற்காகவே புகையிரதம் ஓடுகின்றதோ என்று தோன்றும். இதனைப் படித்த பின்னரே எங்கள் பலகையிலுள்ள குறை எனக்குப் புலப்பட்டது. பாதைக்கு மேலே, மேட்டிலே, லயம் இல்லை.

“லயம் எதுக்குப் பாப்பா? பாக்க வர்றவங்க ஸ்டேஷனத்தான் பாப்பாங்க” என்றார் மாமா. 12 அடிப் பலகை ஏறத்தாழ 914 அடி நிலத்தையே கொள்ளும். எதையேனும் சுருக்கியே ஆகவேண்டும். மாதிரி செய்வோர் அனைவரும் சுருக்குகின்றனர். எவற்றைச் சுருக்குகின்றனர் என்பதில்தான் என் வழக்கு. அங்குலத்தில் மூன்றிலொரு பங்கைக்கூட விட்டுக்கொடாதவர், ஒரு மனிதக் குடியிருப்பையே விட்டுக்கொடுக்கலாமா? அதற்கு நுண்ணளவு என்று பெயர் வைக்கலாமா? இதனை இவ்வளவு சூடாக நான் அவரிடம் கூறவில்லை. ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி; 40 மி.மீ.க்கு 48 மி.மீ. வெற்றுத் தீப்பெட்டியொன்றை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். ஏறக்குறைய அதே அளவு. அவர் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையை வெட்டத் தொடங்கினார்.

ஆறு காம்பராக்கள் கொண்ட லயம் 240 மி.மீ. வந்தது. 60 அடி நீளமான புகையிரதப் பெட்டியொன்றும் அதே 240 மி.மீ. தான். ஆறு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நீளம், பயணிகள் சில மணிநேரம் அமர்ந்து செல்லும் ஒரு பெட்டியின் நீளம். விகிதத்தைச் சரியாக வைத்ததனாலேயே இது கண்ணுக்குத் தெரிந்தது. லயத்தைக் கண்மதிப்பிலே செய்திருந்தால் தெரிந்திராது. இஸ்தோப்பும், தகரக் கூரையும், புகைபடிந்த சுவரும், பிரட்டுக்களத்துக்கு இறங்கும் படிகளும் ஒவ்வொன்றாக அமைந்தன. படிகளைச் செய்யும்போது மாமா எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னார். ஆயினும் மேடையில் நிறுத்த மனித உருக்களைச் செய்ய மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. உருக்களை நான் செய்தேன். 5 அடி 6 அங்குல ஆள் 22 மி.மீ. உயரம், பாதைக்குச் செய்த பித்தளைக் கட்டையை அருகில் நிறுத்தியே ஆண்களின் உயரத்தைச் சரிபார்த்தேன்.

பீலி எந்தப் பக்கம் இருந்தது என்பதில் மாமாவுக்கே ஐயம். அந்த லயம் இப்போது இல்லை. புகைப்படம் எவரிடமும் கிடைக்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் வாழும் சின்னப்பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, திரையைப் பலகையை நோக்கித் திருப்பினோம். எண்பதைக் கடந்த கண்கள். நிலையத்தையும் எஞ்சினையும் அவை கவனிக்கவேயில்லை. மேட்டிலே நின்றன.

“தம்பி, ரெண்டு காம்பரா எங்க?”

“எடம் பத்தல சின்னம்மா” என்றார் மாமா.

“எட்டு இருந்துச்சே. நம்மளது மூணாவது. கடைசி ரெண்டுல...” என்று அவ்விரு வீட்டாரின் பெயர்களையும், யார் இராமேஸ்வரத்தில் இறங்கி எங்கே போனார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டே போனார். பீலி கீழ்ப்புறத்தில் இருந்ததாம். அதன் அருகில் ஒரு பலாமரமாம். மாமா சிலிப்பர்க்கட்டைக்கென வெட்டி வைத்திருந்த அட்டைத் துண்டொன்றில் அனைத்தையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு காம்பராக்களுக்கு 80 மி.மீ. வேண்டும். பின்வரிசையில் அந்த 80 மி.மீ.ஐத் தரக்கூடியது சரக்குக் கொட்டகை ஒன்றே. ஓராண்டு வேலை அது. ஒவ்வொரு பலகைக் கீற்றும் தனித்தனியே ஒட்டியது. மறுநாட் காலை மாமா அதன்மேல் 80 மி.மீ.க்கு ஒரு கோடு இழுத்து, மெல்லிய வாளை என்னிடம் நீட்டினார்.