பொட்டும் மையும்

என் மகளுக்குப் பதினேழு வயது. கண்ணைச் சுற்றி அப்பிய மை, முழங்கால் வரை பூட்ஸ் சப்பாத்து, உடுப்பெல்லாம் கறுப்பு. தன்னை அவள் 'கோத்' என்கிறாள். நாங்கள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அவளது முகத்தைப் பார்த்த என் அம்மா, "செத்தவீட்டுக்கும் நாங்கள் வெள்ளைதானே உடுக்கிறம், இவள் ஏன் பிள்ளை எந்த நாளும் கறுப்பு?" என்று கேட்டார்.

பதில் சொல்வதற்கு நானும் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. 1970களின் கடைசியில் பங்க் இசையிலிருந்து கிளைத்தது இது. 'த சிஸ்டர்ஸ் ஒஃப் மேர்சி' என்ற பேர்போன குழு 1980 இல் எங்கள் லீட்ஸிலேயே உருவானது. துயரத்தையும் சாவையும் மறைக்காமல் பாடுவார்கள். இதற்கு அயலில் 'இன்டஸ்ட்ரியல்' என்று இன்னொன்று: இயந்திரச் சத்தங்களிலிருந்தே இசை. மகளின் அறையில் அது ஒலித்தால் அரிசி மில்லுக்குள் நிற்பது போலிருக்கும். நான் நினைத்தது போலப் பேய் பிசாசு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் அவளது சிநேகிதர்கள் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள். பழைய உடுப்பை வெட்டித் தைத்துப் போடுவார்கள். என் கத்தரிக்காய்ப் பொரியலுக்கு அடிபடுவார்கள்.

எனது பயம் வேறு. 2007 ஓகஸ்ட் 11 அதிகாலை, லங்காஷயரில் பேக்கப் என்ற சிறு நகரத்துப் பூங்காவில் சோஃபி லங்காஸ்டரும் அவளது காதலனும் தாக்கப்பட்டார்கள். அவளுக்கு வயது 20. பையன்கள் சிலர் முதலில் காதலனை அடித்து விழுத்தினார்கள். அவனது தலையை மடியில் ஏந்திக் காக்கப் பார்த்த அவளையும் உதைத்தார்கள். அவன் பிழைத்தான். அவள் பதின்மூன்று நாளில் இறந்தாள். அவர்களது கோலம் வேறாக இருந்தது, அவ்வளவுதான். அப்போது என் மகள் வயிற்றில். சோஃபியின் தாய் சில்வியா மகளின் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு கதைத்தார். 2013 இல் மன்செஸ்டர் பெருநகரப் பொலிஸார் இப்படியான தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கினார்கள். அந்தத் தாய் 2022 இல் காலமானார்.

ஒரு சனிக்கிழமை மாலை மகள் இசை நிகழ்ச்சிக்கு வெளிக்கிட்டு நின்றாள். நான் கதவை மறித்தேன். "முகத்தைக் கழுவிப் போட்டுப் போ."

"அம்மா, நான் என்ன பிழை செய்தனான்?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. 1983 ஜூலை, வெள்ளவத்தை. எனக்கு ஒன்பது வயது. அம்மா சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து என் பொட்டை அழுத்தித் துடைத்தார். தோட்டையும் கழற்றினார். நெற்றி எரிந்தது. இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. வானில் ஏறும்வரை என் வாயைப் பொத்தியபடி நின்றார்.

இதை நான் மகளுக்கு அதுவரை சொன்னதில்லை. வாசலிலேயே இருந்து சொன்னேன். அவள் முகம் கழுவவில்லை. கடைசி பஸ்ஸில் தனியே வருவதில்லை, சிநேகிதர்களோடு டாக்சியில் வருவது என்று மட்டும் பேசி முடித்தோம். அன்று அவள் திரும்பும்வரை நான் படுக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

போன ஒக்டோபர் கடைசியில் அவளோடு விட்பிக்குப் போனேன். 'டிராகுலா' நாவலில் வரும் கடற்கரை ஊர். கோத் மக்கள் 1994 முதல் அங்கே கூடுகிறார்கள். அந்த ஊர்க் கரையில் கிடைக்கும் 'ஜெற்' என்ற கறுப்புக் கல்லில் முன்னர் துக்க நகை செய்தார்களாம். விக்டோரியா மகாராணி கணவனை இழந்தபின் அது பெரிய வியாபாரமானது. மகளுக்கு அதில் ஒரு சோடித் தோடு வாங்கிக் கொடுத்தேன். விலையைச் சொல்லமாட்டேன்.

அங்கே சோஃபியின் நினைவாக ஒரு வாங்கு இருக்கிறது. அதிலிருந்து, கட்டிக்கொண்டு போன றோல்ஸைச் சாப்பிட்டோம். மகள் படமெடுத்து அம்மம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா உடனே எடுத்தார்.

"தோடு வடிவாயிருக்கு. அந்தச் சப்பாத்து காலைக் கடிக்காதோ பிள்ளை?"