டல்லாஸில் ஒரு சிலை... தினம் தினம் சண்டை!

டல்லாஸ் போறேன்னு சொன்னதும் ஆளாளுக்கு ஒரே இடத்தைத்தான் சொன்னாங்க. ஜனாதிபதி கென்னடி 1963-ல் சுடப்பட்ட அந்த ரோடு. போனேன், பார்த்தேன், ரெண்டு போட்டோ எடுத்தேன், பத்து நிமிஷத்தில் வேலை முடிஞ்சது. அங்கேயிருந்து நடக்கிற தூரத்தில் இன்னொரு இடம் இருக்கு. அங்கே போனவள் ரெண்டரை மணி நேரம் நகரவே இல்லை.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டர். 2001-ல் திறந்த பேஸ்கட்பால் அரங்கம், டல்லாஸ் மாவரிக்ஸ் டீமோட வீடு. 2025 டிசம்பர் செமஸ்டர் லீவில் இர்விங்ல இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையனுக்கு வயசு பதினஞ்சு. தமிழ் கொஞ்சம் ததிங்கிணத்தோம், ஆனா வீரர்களோட சம்பளக் கணக்கு மட்டும் தலைகீழ் மனப்பாடம். ஆரஞ்சு லைன் ரயிலில் ஏத்தி, விக்டரி ஸ்டேஷன்ல இறக்கி, "அக்கா, மேட்ச் அப்புறம். ஃபர்ஸ்ட் டர்க்கைப் பாரு"ன்னு இழுத்துட்டுப் போனான்.

டர்க் நொவிட்ஸ்கி. ஜெர்மனிக்காரர், ஏழடி உயரம். 1998-லிருந்து 2019 வரைக்கும் 21 சீசன், ஒரே டீம். 2011-ல் மயாமியை ஜெயிச்சு டல்லாஸுக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2022 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை திறந்தாங்க. ஒரு முழங்காலைத் தூக்கி, உடம்பைப் பின்னால் சாய்ச்சு பந்தை எறியற போஸ். 'ஃபேட் அவே'ன்னு பேர். அடியில, விசுவாசம் ஒருநாளும் மங்காதுங்கிற அர்த்தத்துல ஒரு வரி. அந்த ஷாட்டோட பேரை வெச்சே வார்த்தை விளையாட்டு. ரசிச்சு எழுதியிருக்காங்க!

அந்த வரிக்கு முன்னாடிதான் 2025 பிப்ரவரி 2-ம் தேதி ரசிகர்கள் ஒரு சவப்பெட்டியைக் கொண்டு வந்து வெச்சாங்க. யாரும் சாகலை. முந்தின நாள் ராத்திரி லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு மாத்தி விட்டுட்டாங்க, அவ்வளவுதான். வயசு 25. அதுக்கு முந்தின சீசன்ல மேட்ச்சுக்கு 33.9 பாயின்ட், லீக்லயே நம்பர் ஒன். டீமை ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனவர். (பாஸ்டன்கிட்ட 4-1 தோத்தாங்க, அது வேற சோகம்.) பதிலுக்கு வந்தது ஆன்டனி டேவிஸ், வயசு 31, கூடவே மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸோட 2029 முதல் ரவுண்டு டிராஃப்ட் வாய்ப்பு.

பத்து மாசம் ஆகியும் சிலைக்குப் பக்கத்தில் அந்தப் பஞ்சாயத்து முடியலை. மேட்ச் தொடங்க ஒண்ணரை மணி நேரம் இருந்தது. 41-ம் நம்பர் ஜெர்ஸியில் ஒரு பெரியவர், 77 போட்ட ஒரு காலேஜ் பொண்ணு, அவங்களோட நாலைஞ்சு பேர். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சை அப்படியே தூக்கிட்டு வந்த மாதிரி. என் தம்பி ஓசியில நுழைஞ்சுட்டான். நான் பின்னால.

பெரியவர் கட்சி இது: இது பிசினஸ். 2025 கோடையில் லூக்காவுக்கு 5 வருஷத்துக்கு சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் தரவேண்டி வந்திருக்கும். 'சூப்பர் மேக்ஸ்'. ஒரு டீமோட மொத்த சம்பள வரம்பில் 35 சதவீதம் ஒருத்தருக்கே போயிடும். உடம்பைச் சரியா பார்த்துக்காதவர்னு நிர்வாகத்துக்குக் கவலை வேற. நாளைக்கு முட்டி போச்சுன்னா?

அந்தப் பொண்ணு விடலை. "முட்டி போச்சா? யாருக்குப் போச்சு?"ன்னு கேட்டுச்சு. கேள்வி நியாயம்தான். டல்லாஸுக்கு ஆடின முதல் மேட்ச்சில் டேவிஸ் 26 பாயின்ட், 16 ரீபவுண்டுன்னு பிரமாதப்படுத்திட்டு அதே மேட்ச்சில் காயம்பட்டு வெளியே போனார்.

இங்கே ஒரு விதியைச் சொல்லணும். எனக்கும் அங்கேதான் புரிஞ்சது. இஷ்டத்துக்கு ஆளை மாத்திக்க முடியாது. வரம்புக்கு மேலே செலவு பண்ற டீம்னா, போற சம்பளமும் வர்ற சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போகணும். லூக்கா, டேவிஸ் ரெண்டு பேருக்கும் அந்த சீசன்ல ஆளுக்கு 4.3 கோடி டாலர். தராசு நேரா நின்னுச்சு. ஆனா சூப்பர் மேக்ஸ் தகுதி டல்லாஸோட போச்சு. இளம் வயசு முதல் ஒப்பந்தம் முடிஞ்சப்புறம் டீம் மாறினா அது கிடையாது. 2025 ஆகஸ்ட்டில் லேக்கர்ஸோட அவர் போட்டது 3 வருஷத்துக்கு 16.5 கோடி. அதுவும் டெக்சாஸ்ல மாநில வருமான வரியே கிடையாது, கலிபோர்னியாவில் தீட்டிடுவாங்க. தானா கேட்காத ஒரு டிரான்ஸ்ஃபருக்கு அபராதமும் தானே கட்டற மாதிரி! கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, ரெண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போடப்போற நம்ம சீனியர்களைக் கேளுங்க. பாண்ட் நம்மளைத்தான் கட்டும், கம்பெனியைக் கட்டாது.

"டர்க் பணத்தைப் பார்க்கலையே"ன்னார் பெரியவர். உண்மைதான். 2014-ல் மத்த டீம்கள் அள்ளிக் கொடுக்கத் தயாரா இருந்தும், 3 வருஷத்துக்கு வெறும் 2.5 கோடி டாலருக்கு டல்லாஸ்லயே இருந்தார். அந்த மிச்சப் பணத்தில் வேற ஆளை எடுக்கட்டும்னு. உடனே என் தம்பி குறுக்கே பாய்ஞ்சான், "அவருக்கு டீம் திருப்பி விசுவாசம் காட்டுச்சு. லூக்காவுக்குக் காட்டலையே?" கூட்டம் ஒரு செகண்ட் அமைதி. சித்தி பார்த்திருந்தா சுத்திப் போட்டிருப்பாங்க.

ஆனா டல்லாஸோட பழைய கணக்கு அவ்வளவு சுத்தம் இல்லை. 2004-ல் ஸ்டீவ் நாஷுக்குக் கேட்ட காசு தர யோசிச்சாங்க. அவர் ஃபீனிக்ஸ் போய் 2005, 2006 ரெண்டு வருஷமும் லீக்கோட சிறந்த வீரர் விருது வாங்கினார். 2022-ல் ஜேலன் பிரன்சன் நியூயார்க்குக்கு 4 வருஷம், 10.4 கோடி. இதே ஊர் டிரேடில் ஜாக்பாட்டும் அடிச்சிருக்கு. டர்க்கை 1998-ல் முதலில் எடுத்தது மில்வாக்கி, லூக்காவை 2018-ல் எடுத்தது அட்லாண்டா. ரெண்டு பேருமே டிராஃப்ட் அன்னிக்கே கைமாறி டல்லாஸுக்கு வந்தவங்க. கண்ணீர் விடற இந்த ஊருக்கு அதே மாதிரி டிரேடில்தான் தெய்வங்களே கிடைச்சாங்க! இதை நான் சொன்னதும் 77 பொண்ணு என்னை முறைச்சது.

அடுத்த ரவுண்டு, மூணு பாயின்ட் ஷாட். இதில்தான் நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு வேலை. என்.பி.ஏ.வில் நூத்துக்கு 36 உள்ளே விழும்னு வெச்சுக்கோங்க. மூணால பெருக்கினா ஒரு ஷாட்டுக்கு 1.08 பாயின்ட். கோட்டுக்கு உள்ளே நடுத்தர தூரத்துல நூத்துக்கு 41 விழுந்தாலும் 0.82தான். ப்ராபபிலிட்டி பேப்பரில் அரியர் வெச்சவனுக்கும் புரியும். அதனாலதான் இந்தக் கோடு வந்த 1979-80 சீசன்ல ஒரு டீம் மேட்ச்சுக்கு 3 தடவைகூட முயற்சி பண்ணலை, 2024-25ல் 37-ஐத் தாண்டிருச்சு. கோடு ஒண்ணும் கிட்ட இல்லை, 7.24 மீட்டர். நம்ம காலேஜ் கோர்ட்ல 6.75.

லூக்காவோட மதிப்பு அவர் போடற மூணில் மட்டும் இல்லைன்னு தம்பி விளக்கினான். பந்து அவர் கையில இருந்தா ரெண்டு பேர் தடுக்க ஓடுவாங்க. அப்போ மூலையில ஒருத்தன் சும்மா நிப்பான். மூலையில கோடு இன்னும் கிட்ட, 6.7 மீட்டர். பாஸ் பண்ணா போதும். டேவிஸ் தடுப்பாட்டத்தில் கில்லாடி, ஆனா மூணு போடறது அவர் தொழில் இல்லை. தடுப்பாட்டம்தான் கோப்பை வாங்கித் தரும்னு சொல்லித்தான் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன் இந்த டிரேடைப் பண்ணார். 'நிகோவைத் தூக்கு'ன்னு அரங்கமே மாசக்கணக்கா கத்துச்சு. 2025 நவம்பர் 11 அன்னிக்குத் தூக்கிட்டாங்க.

பெரியவர் சிரிச்சுக்கிட்டே மேலே கை காட்டினார். சிலையில டர்க் போடறது ரெண்டு பாயின்ட் ஷாட். பின்னால சாய்ஞ்சு, ஒத்தைக்காலில். பாதிக்குப் பாதி விழுந்தாலே ஒரு பாயின்ட்தான். உங்க கால்குலேட்டர் வேண்டாம்னு சொல்ற ஷாட்டுக்குத்தான் இந்த ஊர் சிலை வெச்சிருக்குன்னார். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை. இத்தனைக்கும் டர்க் 2006-ல் மூணு பாயின்ட் போட்டியிலேயே ஜெயிச்சவர்!

நம்ம ஊர் ஆள் கதை ஒண்ணும் இங்கே இருக்கு. பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை 2015 டிராஃப்டில் 52-வதா எடுத்தது இதே மாவரிக்ஸ்தான். என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். பிரதான டீமில் ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே போயிட்டார். பெரியவருக்கு அவர் பேர் ஞாபகம் இருந்தது. எனக்கு அது சந்தோஷம்.

உள்ளே போனோம், மேட்ச் பார்த்தோம். மேலே டர்க்கோட 41 தொங்குது. 2025 ஏப்ரல் 9 அன்னிக்கு லூக்கா லேக்கர்ஸ் ஜெர்ஸியில் இங்கே வந்து, தன்னைப் பத்தின வீடியோவைப் பார்த்து அழுதுட்டு, அப்புறம் 45 பாயின்ட் போட்டுட்டுப் போனாராம். தம்பி டிவியில பார்த்து அழுதிருக்கான். இதை அவன் சொல்லலை, சித்தி சொன்னாங்க.

திரும்பும்போது ரயில்ல 32-ம் நம்பர் ஜெர்ஸிகள் நிறைய. கூப்பர் ஃப்ளாக். வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வெச்சுக்கிட்டு டல்லாஸ் 2025 டிராஃப்ட் குலுக்கலில் முதலிடம் அடிச்சு எடுத்த பதினெட்டு வயசுப் பையன். நான் பதினெட்டுல மேத்ஸ்-டூ எழுதிட்டிருந்தேன். அவனுக்கு 4 வருஷத்துக்கு 6 கோடி டாலருக்கு மேல்.

"எப்போ முடியுது?"ன்னு கேட்டேன்.

"2029 சம்மர்"னான் தம்பி. விரலை மடக்கினான். லேக்கர்ஸ் கொடுத்த அந்த டிராஃப்ட் வாய்ப்பும் 2029. பக்கத்து சீட்டுக்காரர் அதைக் கேட்டு நியூஸ்பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எங்க பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.