மருமகனின் ஜீப்



என் தங்கச்சி மகன் பழைய மஹிந்திரா ஜீப் வாங்கியிருக்கிறான். பெரிய டயர் போட்டு உயர்த்தி, கூட்டாளிகளோடு செண்பகத்தோப்பு வழியாக மலையேறப் போகிறானாம். "மாமா, நீங்களும் வாங்க" என்றான்.

டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினால் சுற்றளவும் 10 சதவீதம் கூடும். ஏழாம் வகுப்பில் உங்களுக்கு நடத்திய கணக்குதான்! மீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் ஓடும். வண்டி உயர உயர, பக்கச் சரிவில் கவிழும் ஆபத்தும் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. லைசென்ஸைத் தாண்டிப் பட்டாசு ஆலையில் ஆளையும் மருந்தையும் கூட்டினால் என்ன ஆகும் என்று நம்மூர்ப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்?

செண்பகத்தோப்பு சாம்பல்நிற அணில்களின் காடு. 2021 முதல் புலிகள் காப்பகம் வேறு. அங்கே ஜீப் விளையாட்டு வேண்டவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

"கொழுக்குமலைக்குப் போங்கப்பா. சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப் கிடைக்கும். அந்தக் கல்லுப்பாதையில் டிரைவர் எங்கே எந்த கியர் போடுகிறார் என்று முதலில் பார்த்துப் படியுங்கள்" என்றேன். முகம் சுருங்கினாலும் சம்மதித்துவிட்டான்.

சனிக்கிழமை கிளம்புகிறோம். முன்சீட்டு எனக்குத்தான்.