உணராத பாதம்

கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையே கிடக்கும் உடப்புக் கிராமத்திலே, கரைவலை இழுத்தே மூப்பெய்திய ஒருவருக்குத் தாகம் ஒரு நோயின் அறிகுறியாகத் தோன்றாமற் போனது வியப்பன்று. சுடுமணலில் நின்று அம்பாப் பாடி வலை இழுப்பவனுக்குத் தாகம் எடுக்காமல் வேறு யாருக்கு எடுக்கும்? இரவில் நான்கைந்து முறை எழுந்து வெளியே சென்றதை முதுமையின் மேலும், உடல் மெலிந்ததை உழைப்பின் மேலும் அவர் சுமத்தினார். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததைக் கண்டு சலரோகம் என்று ஐயுற்றவர் அவருடைய மனைவியே. சோதித்தபோது, வெறும் வயிற்றுக் குருதியில் டெசிலீற்றருக்கு 210 மில்லிகிராம் குளுக்கோசு இருந்தது. 126ஐ எட்டினாலே நீரிழிவு எனக் கொள்வது மருத்துவ வழக்கு.

சீனியை அன்றே விட்டார். விட்டவர், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தத் தொடங்கினார்! பனங்கட்டியும் குருதியிலே சீனியாகவே சென்று சேரும் என்பதை அவருக்கு உணர்த்துதல் எளிதாயிருக்கவில்லை. (கற்றவரிடத்தும் இம்மயக்கம் உண்டு.) சோற்றைப் பாதியாக்கி மீனையும் கீரையையும் கூட்டுமாறு கூறினால், பின் எதை உண்டு வலையை இழுப்பது என்பார். அக்கேள்வி நியாயமற்றதன்று. ஆயினும், கடல் கொந்தளித்துத் தொழில் ஓயும் மாதங்களில் உழைப்புக் குறைந்ததேயன்றிச் சோறு குறையவில்லை. குளிசையையும் நினைத்தபோதே விழுங்கினார்.

ஓராண்டின் பின் கிளினிக்கில் மருத்துவர் அவரைக் கண்மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றினால் உள்ளங்காலைத் தொட்டார். தங்கூசி நுனியில் மீன் தீண்டும் மெல்லசைவை வாழ்நாளெல்லாம் விரலால் அறிந்தவர், அதையொத்த இழை தம் காலைத் தொட்டதைப் பல இடங்களில் அறியவில்லை. நெடுங்காலம் மிகுந்து நிற்கும் சீனி நரம்புகளைச் சிதைக்கும். பெரும்பாலும் பாதத்திலேயே தொடங்கும். சிப்பி கீறியது தெரியாது. தெரியாத புண் கவனிப்பாரற்று அழுகும். ஈற்றிலே காலையே கொண்டுபோதலும் உண்டு.

உடப்பிலே அச்சம் வேறொன்றும் இருந்தது. திரௌபதையம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவிலே இளமை முதல் தீமிதித்து வந்தவர் அவர். அண்மைக் காலத்தில் தணல் தமக்குப் பூவாகவே இருக்கிறதென்றும், அஃது அம்மன் அருளென்றும் சொல்லி வந்தார். சுடுவதை உணராத காலுக்குக் கொப்புளமும் தெரியாது என மருத்துவர் எச்சரித்ததை மகன் எடுத்துரைத்தபோது, அவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அருள் எது, நோய் எது என்று பிரித்தறிய அவரிடம் இழை ஏதும் இருக்கவில்லை.

அவ்வாண்டு அவர் குழியில் இறங்கவில்லை. வேலியோரம் செருப்பணிந்து நின்றார். கோயிலடியிற் செருப்போடு நிற்க நேர்ந்ததே அவருக்குப் பெருந்துயராயிற்று. வீடு திரும்பியதும் கால் கழுவி, விரலிடுக்குகளை ஈரம்போகத் துடைத்து, மனைவி விளக்கை அருகே பிடிக்க, முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தார். குதிகாலில் ஒரு முள் ஏறியிருந்தது. அது ஏறி எத்தனை நாளாயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.